போர்ப்பணியில் பெண்கள்: அனுமதியும் கட்டாயமும்

பெண்களைப் போர்முனைப் பணிகளில் சேர்க்கலாமா, சம உரிமை கோருகிறவர்கள் கட்டாய ராணுவச் சேவையையும் ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பணியைப் பெண்களால் செய்ய முடியுமா என்பது முதலாவது. செய்ய முடிந்தவர், விரும்பியும் வருகிறவர், அவரைப் பெண் என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பலாமா என்பது இரண்டாவது. விரும்பாதவரையும் சட்டத்தைக் காட்டி அழைத்துச் செல்லும் அதிகாரத்தை அரசு பெண்கள்மீதும் பயன்படுத்தலாமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குச் சொல்ல வேண்டிய பதிலை மூன்றாவது கேள்விக்குச் சொல்லிவிடுவதால்தான் இந்த விவாதம் பெரும்பாலும் குழம்பிப்போகிறது.

ராணுவப் பயிற்சி மையங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களின் காயங்களைக் கவனிக்கும் மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். எலும்பு, தசை, சுமை, பயிற்சி ஆகியவை பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். ஆயுதம் ஏந்திச் சண்டையிட்டவன் அல்ல நான். சட்டத்தைப் பற்றி நான் சொல்பவை தீர்ப்புகளையும் சட்டங்களையும் படித்து அறிந்தவை. இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெண்கள் போரிட்டிருக்கிறார்களா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகளில் ஏறத்தாழ 8 லட்சம் பெண்கள் பணியாற்றினார்கள். மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்த லுத்மிலா பாவ்லிசென்கோ 309 எதிரி வீரர்களை வீழ்த்தியதாகப் பதிவாகியிருக்கிறது. 588-ஆவது இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் விமானிகளும் வழிகாட்டிகளும் விமானங்களைப் பழுதுபார்த்தவர்களும் பெண்களே. மரத்தாலும் துணியாலும் ஆன போ-2 விமானங்களில் அவர்கள் இரவுதோறும் பறந்தார்கள். ஆனால் நாடே அழிவின் விளிம்பில் நின்ற காலத்து நிகழ்வுகள் இவை. போர் முடிந்ததும் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஈழப் போரில் பெண்கள் அணிகள் நேரடிச் சண்டையில் நின்றதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே போரில் சிறுமிகள் உட்படப் பலர் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்கள் என்பதும் பதிவான உண்மை. ஆகவே, பெண்களால் போரிட முடியும் என்று காட்டிவிட்டாலே அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று ஆகிவிடாது.

போர்முனை எது என்பதும் மாறிவிட்டது. 2005 மார்ச் 20 அன்று, இராக்கில் பாக்தாதுக்குத் தென்கிழக்கே சல்மான் பாக் அருகில், சரக்கு லாரிகளின் தொடர் ஒன்று பதுங்கியிருந்தவர்களின் தாக்குதலில் சிக்கியது. அதன் பாதுகாப்புக்காகப் பின்தொடர்ந்த அமெரிக்க ராணுவ போலீஸ் குழுவில் சார்ஜென்ட் லீ ஆன் ஹெஸ்டர் இருந்தார். அவர் தன் அணியைப் பக்கவாட்டில் நகர்த்தி, பிறகு குழுத்தலைவருடன் சேர்ந்து எதிரிகள் இருந்த பள்ளத்துக்குள் இறங்கி, துப்பாக்கியாலும் கையெறிகுண்டாலும் அதைத் துப்புரவாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீரத்துக்கான வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். நேரடித் தரைப்போரை முதன்மைப் பணியாகக் கொண்ட பிரிவுகளில் பெண்களை நியமிக்கக் கூடாது என்ற 1994-ஆம் ஆண்டு அமெரிக்க விதி அப்போது நடைமுறையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். விதி காலாட்படை போன்ற பிரிவுகளின் கதவை மட்டுமே மூடியது. லாரி ஓட்டுகிறவரும் மருத்துவ உதவியாளரும் ராணுவ போலீசும் தாக்கப்படுவதை அதனால் தடுக்க முடியவில்லை. பெண்கள் சண்டையில்தான் இருந்தார்கள். சண்டைக்கான பயிற்சியும் பதவி உயர்வும் மட்டும் அவர்களுக்குக் குறைவாகக் கிடைத்தன. 2013-இல் அந்த விதி நீக்கப்பட்டது. 2015 டிசம்பரில் விதிவிலக்கின்றி எல்லாப் பணிகளும் திறக்கப்பட்டன. கனடா இதை 1989-லேயே செய்திருந்தது, நீர்மூழ்கிக் கப்பல்கள் மட்டும் அப்போது விலக்கு. பிரிட்டன் 2018-இல் செய்து முடித்தது.

இனி உடலைப் பற்றி. இங்கே இரு தரப்பாரும் தங்களுக்கு வசதியான பாதியை மட்டுமே சொல்கிறார்கள் என்பது என் நீண்டநாள் மனக்குறை. சராசரியாகப் பார்த்தால் பெண்களின் மேலுடல் வலிமை ஆண்களுடையதில் 50 முதல் 60 சதவீதம். கால்களின் வலிமையில் இடைவெளி குறைவு, ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்பதால் தசைகளுக்குப் போய்ச்சேரும் ஆக்சிஜனும் குறைவு. பயிற்சி இந்த இடைவெளியைக் குறைக்கும், அழித்துவிடாது. சுமையோ ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. 30 கிலோ எடையுள்ள பை 85 கிலோ உடலுக்கு அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். 55 கிலோ உடலுக்குப் பாதிக்கும் மேல். இரண்டு கூட்டங்களின் அளவுகளும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, அதாவது பல ஆண்களைவிட வலிமையான பெண்கள் உண்டு. ஆனால் மேலுடல் வலிமையில் அப்படிப் படியும் பகுதி சிறியது. ஆகவே கதவு முழுதாகத் திறந்திருந்தாலும் காலாட்படையில் பெண்கள் சிறுபான்மையாகவே இருப்பார்கள் என்பதை நான் ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். அதில் யாருக்கும் இழுக்கில்லை.

காயங்களின் கதை இதைவிட நுட்பமானது. அடிப்படைப் பயிற்சியில் பெண்களுக்குக் காயம் ஏற்படும் விகிதம் ஆண்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒரே அளவு ஓட்டத்திறனோடு பயிற்சிக்குள் நுழைந்த ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. காயத்தைத் தீர்மானிப்பதில் பாலினத்தைவிட, வந்து சேரும் நாளில் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதே பெரும்பங்கு வகிக்கிறது. எலும்பில் விழும் மெல்லிய அழுத்தக் கீறல்கள் மட்டும் இந்தச் சமாதானத்துக்கு முழுதாகக் கட்டுப்படவில்லை. எலும்பின் குறுக்களவு, உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது நின்றுபோகும் மாதவிடாய், அதனால் குறையும் எலும்பின் உறுதி ஆகியவையும் அங்கே சேர்ந்துகொள்கின்றன.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பயிற்சி தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, தொடை இடுக்கில் வலி என்று ஒரு பெண் வருவார். தசைப்பிடிப்பு என்று சொல்லி வலிநிவாரணி கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொள்வார். ஸ்கேன் எடுத்தால் இடுப்புக்கூட்டின் முன்பக்கத்து மெல்லிய எலும்பு வளைவில் கீறல் தெரியும். அவர் பலவீனமானவர் என்று பயிற்சியாளர் நினைத்திருப்பார். உண்மையில் அவர் குழுவிலேயே குட்டையானவர். தன்னைவிட ஓரடி உயரமானவர்களோடு ஒரே சீரில் காலெடுத்து வைப்பதற்காக ஒவ்வோர் அடியையும் தன் இயல்புக்கு மீறி நீட்டி நடந்திருக்கிறார், முதுகில் சுமையோடு, நாள்தோறும் பல ஆயிரம் அடிகள். எலும்பு எங்கே தாங்காதோ அங்கே கீறல் விட்டது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் இதைக் கண்டுபிடித்து, அணிநடையின் வேகத்தைக் குறைத்து, அவரவர் அடியளவில் நடக்கவிட்டு, நீண்ட ஓட்டங்களுக்குப் பதிலாக இடைவிட்ட ஓட்டங்களைக் கொடுத்தபோது, பெண்களிடையே இடுப்பெலும்புக் கீறல்கள் 11.2 சதவீதத்திலிருந்து 0.6 சதவீதமாகக் குறைந்தன. இறுதித் தேர்வின் அளவுகோலில் கைவைத்து வந்த மாற்றம் அல்ல இது.

இதற்கு நேரெதிரான பாடம் பிரிட்டனில் கிடைத்தது. 1998 வாக்கில் அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் முற்றிலும் ஒரே பயிற்சி என்ற முறை வந்தது, நோக்கம் சமத்துவம்தான். விளைவாக, மிகையான உழைப்பால் வந்த காயங்களுக்காக மருத்துவக் காரணம் காட்டி விடுவிக்கப்பட்ட பெண்களின் விகிதம் 4.6 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதமாக உயர்ந்தது. ஆண்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் நான் வந்தடைந்த முடிவு இது: பணிக்கான அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்; அதை எட்டுவதற்கான பயிற்சி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முன்னதைத் தளர்த்துகிறவர்கள் போர்க்களத்தில் உயிர்களைப் பணயம் வைக்கிறார்கள்; பின்னதைப் புரிந்துகொள்ளாதவர்கள் தகுதி பெற்றிருக்கக்கூடிய பெண்களின் எலும்பை உடைத்துவிட்டு, பெண்களால் முடியாது என்று எழுதிவைக்கிறார்கள்.

எதிர்த்தரப்பார் அதிகம் எடுத்துக்காட்டும் ஆய்வு அமெரிக்க மரைன் படை 2015-இல் வெளியிட்டது. ஆண்கள் மட்டும் இருந்த குழுக்கள் 134 பணிகளில் 93-இல், அதாவது 69 சதவீதத்தில், கலப்புக் குழுக்களைவிடச் சிறப்பாகச் செய்தன. காயமடைந்த பெண்கள் 40.5 சதவீதம், ஆண்கள் 18.8 சதவீதம். இந்த எண்களை நான் ஒதுக்கித்தள்ள மாட்டேன். சுமையோடு விரைவதும், காயம்பட்டவரை இழுத்து வெளியேற்றுவதும் சராசரியில் பெண்கள் இருந்த குழுக்களுக்குக் கடினமாக இருந்தன என்பது உடலியல் முன்பே சொன்னதுதான். ஆனால் அந்த ஆய்வு ஒப்பிட்டது சராசரிகளை. அந்தந்தப் பணிக்கென்று வகுத்த கடுமையான தேர்வில் வென்ற பெண்களை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடவில்லை. குழுவிலிருந்த ஆண்களில் பலருக்குக் காலாட்படை அனுபவம் இருந்தது. பெண்களில் பெரும்பாலோர் அப்போதுதான் அப்பயிற்சியை முடித்தவர்கள். ஆகவே, அப்படிப்பட்ட கடுமையான தேர்வு இல்லாமல் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல சான்று. தேறியவர்களைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பதில் சொல்லவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் கிறிஸ்டன் கிரைஸ்ட், ஷே ஹேவர் என்ற இரு அதிகாரிகள் கடுமையான போர்த் தலைமைப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற ராணுவத்தின் ரேஞ்சர் பள்ளியில் தேறி வெளிவந்தார்கள். காலாட்படை அதிகாரியான கிரைஸ்ட், போர்ப்பணிகளுக்கான உடற்தகுதித் தேர்வில் பெண்களுக்குத் தனி மதிப்பெண் கூடாது என்று 2021-இல் எழுதினார். அளவுகோலைத் தாழ்த்துவதால் முதலில் பாதிக்கப்படுவது ஏற்கெனவே அதை எட்டிய பெண்தான். பக்கத்தில் நிற்பவர் அவரை நம்ப மறுப்பார். 2025-இல் அமெரிக்க ராணுவம் போர்ப்பணிகளுக்கு இருபாலருக்கும் ஒரே மதிப்பெண்ணை வகுத்தது. அந்த அளவில் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அளவுகோல் பணியிலிருந்து பிறக்க வேண்டும். 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்று 40 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதை எத்தனை முறை, எவ்வளவு நேரத்தில் தூக்க வேண்டும் என்பது உண்மையான தேர்வு. எத்தனை தண்டால் என்பது ஒருவரின் பொது உடல்நலத்தைத்தான் அளக்கிறது.

குழு ஒற்றுமை குலையும் என்ற அச்சத்தைப் பற்றி என் கருத்து சுருக்கமானது. பெண்களின் கட்டளையை வீரர்கள் ஏற்க மாட்டார்கள் என்ற வாதம் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்பும் வைக்கப்பட்டது. தாய்மை, குடும்பக் கடமைகள், உடல் வேறுபாடு ஆகியவற்றோடு சேர்த்து அதையும் 2020 பிப்ரவரி 17 தீர்ப்பில் நீதிமன்றம் நிராகரித்தது. அந்த வழக்கு நிரந்தரப் பணியையும் கட்டளைப் பதவிகளையும் பற்றியது, காலாட்படையைப் பற்றியது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் காலாட்படையும் கவசப்படையும் பெண்களுக்கு இன்னும் திறக்கப்படவில்லை. கனடியப் பீரங்கிப் படை அதிகாரி நிக்கோலா காடர்ட் 2006 மே 17 அன்று ஆப்கானிஸ்தானில் சண்டையின்போது இறந்தார். அந்த நாட்டின் படை அதனால் சிதறிவிடவில்லை. கதவை மூடவும் இல்லை.

பாலியல் வன்முறை பற்றிய கவலையை இப்படிச் சுருக்கமாகக் கடந்துவிட முடியாது. படைக்குள்ளேயே அது நடக்கிறது என்பது உறுதி. குற்றம் சாட்டப்பட்டவர்மீது வழக்குத் தொடரலாமா என்பதை அவருடைய கட்டளை அதிகாரியே முடிவுசெய்யும் நிலை அமெரிக்காவில் வெகுகாலம் இருந்தது. 2021-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்த முடிவு தனி வழக்கறிஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. குற்றம் செய்பவரைத் தண்டிக்காமல், குற்றத்துக்கு ஆளாகக்கூடியவரை வெளியே நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது. எதிரியின் சிறையில் நேரக்கூடியதைப் பற்றியும் கேட்பார்கள். 1991 வளைகுடாப் போரில் சிறைப்பட்ட அமெரிக்க ராணுவ மருத்துவர் ரோண்டா கார்னம், உடைந்த கைகளோடு இருந்தபோது பாலியல் தாக்குதலுக்கும் உள்ளானார். திரும்பி வந்து பணியைத் தொடர்ந்து பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தார். அந்தக் கொடுமையைச் சிறிதாக்குவதற்காக இதை நான் சொல்லவில்லை. அந்த அபாயத்தை ஏற்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்தப் பெண்தான். ஆனால் கட்டாயச் சேவை என்று வரும்போது அந்த முடிவு அவர் கையில் இருக்காது. அதனால்தான் மூன்றாவது கேள்வி உண்மையிலேயே கடினமானது.

கட்டாயச் சேவையைப் பற்றிய சட்டத்தின் தர்க்கத்தை அமெரிக்காவில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே 1973-க்குப் பிறகு யாரையும் கட்டாயமாக அழைக்கவில்லை. ஆனால் தேவைப்பட்டால் அழைப்பதற்காக இளம் ஆண்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 1980-இல் மீண்டும் வந்தது. அப்போதைய அதிபர் கார்ட்டர் பெண்களையும் சேர்க்கக் கேட்டார், நாடாளுமன்றம் மறுத்தது. 1981-இல் ரோஸ்ட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஆண்களுக்கு மட்டுமான பதிவை ஏற்றது. சண்டையிடக்கூடியவர்களைத் திரட்டவே கட்டாய அழைப்பு, பெண்கள் போர்ப்பணியில் சேர முடியாது, ஆகவே இருவரும் ஒரே நிலையில் இல்லை என்பதே அதன் காரணம். 2015-இல் அந்தக் காரணத்தின் அடித்தளம் போய்விட்டது. தீர்ப்பு மட்டும் நிற்கிறது. 2021-இல் வந்த புதிய வழக்கை, நாடாளுமன்றம் இதைப் பரிசீலித்துவருகிறது என்று மூன்று நீதிபதிகள் குறிப்பெழுத, நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவில்லை. சம உரிமை கேட்பவர்கள் கடமையை மட்டும் ஒதுக்குகிறார்கள் என்று உங்கள் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு தொனிக்கிறது. 1981 வழக்கிலேயே அந்நாட்டின் தேசியப் பெண்கள் அமைப்பு ஆண்களுக்கு மட்டுமான பதிவை எதிர்த்து நீதிமன்றத்தில் மனு கொடுத்தது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

நடைமுறைக்கு நார்வேயைப் பாருங்கள். 2013-இல் முடிவெடுத்து, 1997-இலும் அதற்குப் பிறகும் பிறந்த இருபாலருக்கும் சட்டத்தைப் பொதுவாக்கி, 2016-இல் முதல் பெண்களை அழைத்தார்கள். எல்லோரும் வினாப்படிவம் நிரப்புகிறார்கள். உடற்தகுதியும் ஆர்வமும் பார்த்து அவர்களில் சிறு பகுதியினரையே படை எடுத்துக்கொள்கிறது. சுவீடன் 2017-இல் இதே வழியில் கட்டாயச் சேவையை மீண்டும் கொண்டுவந்தது. டென்மார்க்கில் 2025 ஜூலை 1 முதல் 18 வயதாகும் பெண்களும் கட்டாயச் சேவைக்கு ஆளெடுக்கும் குலுக்கலில் சேர்க்கப்படுகிறார்கள். இஸ்ரேல் 1949 முதலே பெண்களை அழைக்கிறது. ஆனால் சேவைக்காலம் ஆண்களைவிடக் குறைவு, திருமணம், தாய்மை, மத நம்பிக்கை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. போரின் நடுவில் இருக்கும் உக்ரைன், மருத்துவத் தொழிலிலுள்ள பெண்களை மட்டும் 2023 அக்டோபர் முதல் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தியது. தென்கொரிய அரசியலமைப்பு நீதிமன்றமோ, ஆண்களுக்கு மட்டுமான கடமை செல்லும் என்று 2023-இலும் தீர்ப்பளித்தது. ஒரே கேள்விக்கு மக்களாட்சி நாடுகளே இத்தனை விதமாகப் பதில் சொல்கின்றன; யாரும் இதைக் கணக்குப்போல முடித்துவிடவில்லை.

என் தீர்மானம் இப்படி. கட்டாயச் சேவை என்பது காலாட்படை என்று பொருள்படாது. இன்றைய படையில் மருத்துவம், பழுதுபார்ப்பு, தகவல்தொடர்பு, ட்ரோன் இயக்கம், வான்காப்பு என்று பெரும்பகுதிப் பணிகளுக்கு மேலுடல் வலிமை தீர்மானமான தகுதி அல்ல. ஆகவே ஓர் அரசு குடிமக்களை அழைக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், ஆண்களை மட்டும் அழைப்பதற்கு உடலியல் காரணம் எதையும் நான் காணவில்லை. அழைத்த பிறகு யாரை எங்கே வைப்பது என்பதைப் பணியின் தேர்வு தீர்மானிக்கட்டும். அப்படி அழைப்பதே நியாயமா என்பதில் எனக்கு இந்த உறுதி இல்லை. ஒரு மகனைக் கட்டாயப்படுத்துவது தவறென்றால் மகளையும் அதில் சேர்ப்பதால் அது சரியாகிவிடாது.

பிள்ளைப்பேறும் பராமரிப்பும் பெண்கள் ஏற்கெனவே சுமக்கும் கடமை, அதற்குமேல் இதுவும் எதற்கு என்று கேட்பவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். கருவுற்றிருப்பவரையும் அண்மையில் பிரசவித்தவரையும் எந்தச் சூழலிலும் அழைக்கக் கூடாது. பராமரிப்பைப் பொறுத்தவரை, விலக்கு அந்தப் பொறுப்பைச் சுமப்பவருக்குப் போக வேண்டும். கைக்குழந்தையைத் தனியே வளர்க்கும் தந்தைக்கும், படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கும் அது கிடைக்க வேண்டும். அப்படிப் பொறுப்பு ஏதுமில்லாத இருபது வயதுப் பெண்ணுக்கு, அவர் பெண் என்பதற்காக மட்டும் அது கிடைக்க வேண்டியதில்லை.

எனக்கு இன்னும் விடை கிடைக்காத இடம் ஒன்று உண்டு. காலாட்படை பெருமளவில் மடிந்து, அந்த இடங்களை மிக வேகமாக நிரப்ப வேண்டிய பெரும்போர் ஒன்றில், தேறக்கூடிய சிறு விகிதத்தினரைக் கண்டுபிடிப்பதற்காகப் பெண்கள் எல்லோரையும் அந்தக் கடும் தேர்வுக்கு உட்படுத்துவது பயனுள்ளதா, அல்லது விரும்பி முன்வரும் பெண்களை மட்டும் அங்கே சோதித்துவிட்டு மற்றவர்களை வேறு பணிகளுக்கு அனுப்புவது நல்லதா? இன்று என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. பயிற்சி தொடங்குவதற்குமுன் ஆறு மாத ஆயத்தப் பயிற்சி கொடுத்து, அதன்பின் தேர்வு வைத்து, தேறிய பெண்களின் விகிதத்தையும் அவர்களின் காயங்களையும் பல ஆண்டுகள் பின்தொடரும் ஓர் ஆய்வு வேறுவிதமாகக் காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.